ஓடைத் தண்ணீர் புளித்த வருஷம்

என் அன்பு மச்சான் வேலுவுக்கு,

நீ போய் இன்றோடு இருபது நாளாகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. பாக்கியம் நேற்றுத்தான் மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். உன் லோரி முதலாளி வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். நீ முதலில் கேட்கக்கூடியவை இவைதான் என்பதால் இவற்றை முதலில் எழுதிவிட்டேன்.

உனக்கு எழுதும் கடிதத்தை ஊரே படிக்கும்படி ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். காரியத்தன்று நான் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். நம் பழைய தோட்டத்து ஆள் ஒருவர், பக்கத்து இலைக்காரருக்கு உன்னை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம வேலுலா. ஆத்துல அசிட் ஊத்தி மீனெல்லாம் செத்துச்சே, ஞாபகம் இல்ல? அந்த வேலு." கெட்ட எண்ணத்தில் சொன்னவர் அல்ல. ஈப்போ வரைக்கும் பஸ் ஏறி வந்து, மாலை வாங்கிப் போட்டவர். பத்து வருஷத்துக்கு மேலாகியும் அவருக்கு உன்னைப் பற்றி ஞாபகம் இருந்தது அது ஒன்றுதான். நான் ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.

சொல்லியிருக்க வேண்டியது நான்தான். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

நாம் இருவரும் பத்து காஜா டவுனைத் தாண்டி இருந்த அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். எனக்குப் படிப்பு ஏறியது, ஈப்போவுக்கு வந்தேன், கனிமங்களைச் சோதிக்கும் ஒரு லேபில் உதவியாளனாகச் சேர்ந்தேன். உனக்கும் படிப்பு ஏறியது. ஆனால் உன் அப்பா படுத்துவிட்டதால் நீ தோட்டத்திலேயே நின்றாய். பால் ஸ்டோரில் வேலை. பால்மரம் வெட்டுகிறவர்கள் கொண்டு வரும் கித்தா என்கிற ரப்பர் பாலை நிறுத்து, தொட்டியில் ஊற்றி, அது உறைவதற்கு அசிட் கலந்து விடுவது உன் பொறுப்பு. பிறகு என் தங்கச்சி பாக்கியத்தைக் கட்டிக்கொண்டாய். அதுவரை பேச்சுக்கு மச்சானாக இருந்தவன் நிஜ மச்சானானாய்.

எழுபதுகளின் கடைசி அது. மழை பிடித்துக்கொண்ட ஒரு மாதத்தில் தோட்டத்துக்குள் ஓடும் ஓடையின் கற்கள் மஞ்சளாக மாறின. முதலில் யாரும் கவனிக்கவில்லை. துணி துவைத்த பெண்கள் சோப்பு நுரைக்கவில்லை என்றார்கள். பாக்கியம் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுப் புளிக்கிறது என்றாள். மூன்றாவது வாரம் ஓடையின் கீழ்ப்பக்கம் மீன் குளம் வைத்திருந்த சீன முதலாளி, நாம் தவுக்கே என்று கூப்பிடும் ஆ லெக்கின் குளத்தில் மீன்கள் மொத்தமும் செத்து மிதந்தன. அவர் இரண்டு தகர வாளி நிறையச் செத்த மீனைக் கொண்டு வந்து தோட்ட ஆபீஸ் வாசலில் கவிழ்த்தார். தோட்டத்தில் அசிட் இருக்கும் இடம் ஒன்றே ஒன்று, ஸ்டோர். ஸ்டோரில் அசிட் ஜாடியைத் தொடுகிறவன் ஒருவனே ஒருவன், நீ.

தோட்டத்தார் ஒரு போத்தலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். அது எங்கள் லேபுக்கு வந்தது, மச்சான். என் மேசைக்கு.

எந்தத் தோட்டம் என்று சீட்டில் எழுதியிருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, பாக்கியம் வீட்டுத் தண்ணீர் என்ற அளவில் ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன். அமிலத்தை அளந்தேன், மிக அதிகமாக இருந்தது. என் வேலை அந்த எண்ணை எழுதுவது மட்டும். நான் அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுதினேன். 'தொழிற்சாலைக் கழிவாக இருக்கலாம்.' யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. தோட்டத்தைப் பற்றித் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு. வேறென்ன காரணம் இருக்க முடியும் என்ற அவசரமும் இருந்தது. டைப் அடிக்கிற பெண் அன்று லீவு. கையால் எழுதிய தாளே மேலதிகாரி கையெழுத்தோடு தோட்டத்துக்குப் போனது.

விசாரணையில் அந்த வரியைத்தான் படித்தார்கள். நான் அங்கே இல்லை. பாக்கியம் சொல்லித்தான் தெரியும். ஆபீஸ் படிக்கட்டில் உன்னை நிற்க வைத்து, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அந்தத் தாளைப் படித்து, தமிழிலும் சொன்னாராம். நீ கேட்டாயாம்: "ஐயா, அசிட்னா மூக்குல ஏறும்லா. இந்தத் தண்ணிய மோந்து பாருங்க, வாசமே இல்ல. ஸ்டோர்ல உள்ள ஜாடி மொத்தத்தையும் கவுத்தாக்கூட ரெண்டு நாள்ல ஓடிப் போயிரும். இது மூணு வாரமா புளிக்குது."

ஸ்டோரில் வேலை செய்யும் ஒருவன் சொல்லக்கூடிய மிகச் சரியான பதில் அது. லேபில் இருந்த எனக்கு அது தோன்றவில்லை. மேனேஜர் துரை ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கிராணி, "லேப் ரிப்போட்டு இருக்கு, இதுக்கு மேல என்ன பேச்சு" என்று தாளை உன்னிடம் நீட்டிக் காட்டினார். அன்றே உன்னை நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை நீ லேப் வாசலில் நின்றாய். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். நீ கோபமாகப் பேசவில்லை. "மச்சான், நீ இங்கதான் வேல செய்யிற. ஒருதடவ வந்து பாரு. ஸ்டோருக்குக் கீழ பாக்காத. மேல பாரு" என்றாய். அவ்வளவுதான். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு உன் பின்னால் மோட்டோவில் ஏறினேன்.

ஓடையோரமாக இருவரும் நடந்தோம். நான் ஐம்பதடிக்கு ஒருமுறை லிட்மஸ் தாளை நனைத்தேன். ஸ்டோருக்குக் கீழே சிவந்தது. ஸ்டோருக்கு மேலே, ஓடை வரும் பக்கத்திலும் சிவந்தது. கித்தாக்காடு முடிந்து, எண்ணெய்க்காகச் செம்பனைக் கன்று நட்டிருந்த புதுக் காட்டிலும் சிவந்தது. ஒவ்வொரு தாளையும் நீ வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். கடைசியில் தோட்டத்து எல்லையில் வந்து நின்றோம். எப்போதோ மூடிப்போன ஈயச் சுரங்கத்தின் மணல் குவியல் அங்கே கிடந்தது. ஈயத்தைப் பிரித்தெடுத்த பின் வேண்டாமென்று தள்ளிய கனமான மணல். கையில் அள்ளினால் சாம்பல் நிறத்தில், நடுநடுவே பித்தளைத் தூள்போல் மினுங்கியது. செம்பனைக் காட்டுக்குப் பாதை போட, தோட்டத்தார் அந்தக் குவியலின் ஒரு பக்கத்தைப் புல்டோசரால் வெட்டித் திறந்திருந்தார்கள். வெட்டிய சுவரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. கடுந்தேநீர் நிறம். அதில் நனைத்த தாள் நான் அதுவரை பார்த்திராத சிவப்பாக வந்தது.

நீ குந்தி உட்கார்ந்து அந்தச் சுவரையே பார்த்தாய். "நான் இங்க வந்து ஊத்தினேன்னு சொல்லுவாங்களோ?" என்று கேட்டாய். நான் சிரிக்கவில்லை. நீயும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

தாள்களைக் கொண்டு போய்க் காட்டினோம். துரையின் பதிலைக் கிராணி சொன்னார்: "அந்த மணலு முப்பது வருசமா அங்கதான் கெடக்கு. இத்தன வருசம் சும்மா கெடந்த கல்லு இப்ப ஏன் அசிட்டு வடிக்குது? மச்சானக் காப்பாத்த மச்சான் வந்து தாள நனைச்சுக் காட்டுறாரு." கடைசியில் சொன்னது குத்தல். முதலில் கேட்டது நல்ல கேள்வி. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன்.

லேபில் மிஸ் யோகம் என்று ஒரு கெமிஸ்ட் இருந்தார். உனக்குத் தெரியும். தைப்பிங் ஊர்ச் சிலோன் தமிழர், நம் வயதுதான் இருக்கும், யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கூடுதல் வரி உட்பட. நீ இருந்தவரை அதை நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து, பேரியம் குளோரைடு சொட்டுவிட்டார். பால்போல வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கியது. "கந்தக அமிலம். ரப்பர் பாலுக்குப் போடுறது ஃபார்மிக். அது இப்பிடித் திரளாது. இதைச் செய்ய எவ்வளவு நேரம் எடுத்தது?" என்றார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "நீர் எழுதின நம்பர் பிழையில்லை. கீழ எழுதின வரிதான் தேவையில்லாதது" என்றார். பிறகு, "மச்சானிட்டச் சொல்லிப்போட்டீரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சொல்லும்" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்த வெள்ளைத் திரள் போதாது. தோட்டத்தார், கந்தக அமிலத்தையும் நீதான் எங்கிருந்தோ வாங்கி ஊற்றினாய் என்று சொல்ல முடியும். கல்தான் வடிக்கிறது என்றும், ஏன் இப்போது வடிக்கிறது என்றும் காட்ட வேண்டியிருந்தது. மிஸ் யோகம் எங்கோ படித்திருந்தார்: இந்த மாதிரித் தண்ணீரில் ஒரு பாக்டீரியா இருக்கும், அதுதான் கல்லைக் கரைக்கிறது என்று. கனிம லேபில் கிருமி வளர்க்கிற வசதி எதுவும் கிடையாது. அவர் வீட்டிலிருந்து பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

குவியலிலிருந்து அள்ளி வந்த ஈர மணலை இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் சம அளவாகப் போட்டோம். சம அளவு தண்ணீர். ஒரு குடுவையை அப்படியே விட்டோம். இன்னொன்றைக் குக்கரில் வைத்து, உயிருள்ளது எதுவும் மிஞ்சாதபடி வேகவைத்தோம். இரண்டின் வாயிலும் பஞ்சு. ஒரே அலமாரி, ஒரே வெயில், ஒரே காற்று. தினமும் காலையில் இரண்டையும் குலுக்குவது என் வேலை.

இந்த நாட்களில்தான் நீ தோட்டத்தார் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணினாய். வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. பாக்கியத்தையும் பிள்ளைகளையும் ஆயர் தாவாரில் உன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, நீ ஈப்போவில் என் அறையில் வந்து படுத்துக்கொண்டாய். ஒவ்வொரு சாயங்காலமும் நான் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பாய்: "என்னாச்சு மச்சான், நம்ம ஆளு எந்திரிச்சானா?"

முதல் வாரம் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. மிஸ் யோகமே உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் வாரம் வேகாத குடுவையின் தண்ணீர் லேசாக மஞ்சளித்தது. மூன்றாம் வாரம் தேநீர்ச் சிவப்பு. நான்காம் வாரம் அமிலத்தை அளந்தால் ஓடைத் தண்ணீரையே தாண்டியிருந்தது. வேகவைத்த குடுவை தெளிந்த தண்ணீராகவே இருந்தது. அமிலம் பெயருக்குக் கொஞ்சம். அதே கல், அதே தண்ணீர், அதே காற்று. ஒன்றில் உயிர் இருந்தது, மற்றதில் இல்லை. அவ்வளவே வித்தியாசம்.

மிஸ் யோகம் அதோடு விடவில்லை. சிவந்த குடுவையிலிருந்து ஒரு ஸ்பூன் தண்ணீரை எடுத்து வேகவைத்த குடுவைக்குள் விட்டார். அதுவும் அடுத்த சில வாரங்களில் சிவக்க ஆரம்பித்தது. ஒரு நண்பரிடம் கடன் வாங்கிய மைக்ரோஸ்கோப்பில் ஒரு சொட்டை வைத்துப் பார்த்தோம். குட்டையான சிறு குச்சிகள், துடித்துத் துடித்து நகர்ந்தன. புத்தகத்தில் அதற்குத் தயோபேசில்லஸ் என்று பெயர் போட்டிருந்தது. அன்று உன்னையும் கூப்பிட்டுக் காட்டினோம். நீ ரொம்ப நேரம் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

உனக்கு அன்று நான் விளக்கியதை இங்கே மறுபடி எழுதுகிறேன். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். அந்த மினுங்கும் துகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து கட்டுண்டு கிடக்கின்றன. குவியலுக்குள் புதைந்து, காற்று படாமல் இருக்கும்வரை அது வெறும் கல். வெட்டித் திறந்தால் காற்றும் மழையும் உள்ளே போகின்றன. கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இரும்பையும் அமிலத்தையும் விடுகிறது. கரைந்து வந்த இரும்பைக் காற்று தனியாக மாற்றுவதென்றால், அமிலத் தண்ணீரில் அதற்கு வருஷக் கணக்காகும். இந்த பாக்டீரியா அதைச் சில நாட்களில் செய்துவிடுகிறது. இரும்பைத் துருவின் இரும்பாக மாற்றும்போது வருகிற சக்திதான் அதற்குச் சாப்பாடு. மாறிய இரும்பு திரும்பிப் போய்க் கல்லைத் தாக்குகிறது. கல் உடைந்து, கந்தகம் அமிலமாகிறது. இரும்பு பழைய நிலைக்கு வருகிறது. பாக்டீரியா மறுபடி அதைத் தின்கிறது. சுற்றிச் சுற்றி இதேதான். தண்ணீர் புளிக்கப் புளிக்க மற்றதெல்லாம் சாகும், அதற்கு மட்டும் கொண்டாட்டம்.

நீ கேட்டாய்: "அப்ப அதுக்குச் சோறே இரும்புதானா?"

"ஆமா."

"மூச்சு விடுமா?"

"விடும். காத்து வேணும்."

"அப்ப அந்தக் குவியல வெட்டித் தொறந்தவன்தான் அதுக்குக் கதவத் தொறந்து விட்டவன்" என்றாய். மிஸ் யோகம் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். "அதுதான் ரிப்போர்ட்டின்ர கடைசி வரி" என்றார். நாங்கள் நான்கு பக்கம் எழுதியதை நீ ஒரு வாயில் சொல்லிவிட்டாய்.

ரிப்போர்ட் போனது. ஒரு மாதம் கழித்துத் தோட்டத்திலிருந்து உனக்குக் கடிதம் வந்தது. விஷயம் முடிக்கப்பட்டது, நீ வேலைக்குத் திரும்பலாம், ஆனால் ஸ்டோருக்கு அல்ல, காட்டு வேலைக்கு, மரங்களுக்கு நடுவே கூலியாக. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. குவியலைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. நீ அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னாய். பிறகு மடித்து அதே உறையில் வைத்தாய்.

"காட்டு வேலைக்குப் போனா நான் ஊத்துனவன்தான்னு அர்த்தம். ஸ்டோர் சாவியக் குடுத்தா போறேன். இல்லாட்டி வேணாம்லா."

"புள்ளைங்க இருக்குடா வேலு" என்றேன்.

"புள்ளைங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

சாவி வரவில்லை. நீ ஈப்போவில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லோரியில் ஆளாகச் சேர்ந்தாய். பிறகு நீயே ஓட்டினாய். குகைக் கோயில் இருக்கும் மலைகளுக்கு அந்தப் பக்கம் உடைத்த கல்லைக் கொண்டு போய் இறக்கும் வேலை. பாக்கியமும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அவ்வளவில் எல்லாம் முடிந்ததென்று நான் நினைத்தேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாய்: "மச்சான், அந்தப் புளிப்ப எறக்க என்ன வழி?" பாக்டீரியாவைக் கொல்ல வழியில்லை, குவியலை மூடினால்தான் உண்டு, அதைத் தோட்டமும் செய்யாது, சுரங்கக்காரனும் இப்போது இல்லை என்றேன். வந்த தண்ணீரை வேண்டுமானால் சுண்ணாம்புக்கல்லின் மேல் ஓடவிட்டால் புளிப்பு இறங்கும். நீ சோற்றைப் பிசைவதை நிறுத்தினாய். "அதத்தான்லா தெனமும் லோரியில ஏத்துறோம்" என்றாய்.

முதலாளியிடம் கேட்டு, விற்பனைக்கு ஆகாத பொடிக் கல்லை வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போய் நின்றது ஆ லெக்கின் குளத்தில். நான் கூட வந்தேன். உன் லோரியைப் பார்த்ததும் அவர் கையில் மண்வெட்டியோடு வாசலுக்கு வந்தார். குளம் காலியாகக் கிடந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் படிந்திருந்தது.

"நீ எதுக்கு வந்த?" என்றார். தோட்டத்துப் பக்கமே வளர்ந்தவர். நம்மைப் போலவேதான் தமிழ் பேசுவார்.

"கல்லு கொண்டாந்திருக்கேன் தவுக்கே. வாய்க்கால்ல போடணும். தண்ணி உள்ள வர்ற எடத்துல."

"எவ்ளோ?"

"ஒண்ணும் வேணாம்."

அவர் நம்பவில்லை. லோரியைச் சுற்றி வந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். நீ அவருக்காகக் காத்திருக்காமல் இறக்க ஆரம்பித்தாய். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார். சாயங்காலம் வரை மூவரும் கல் பரப்பினோம். புறப்படும்போது ஆ லெக் உன்னிடம், "அன்னிக்கு நான் மீனு கொட்டினது ஒம்மேல இல்ல, ஆபீஸ் மேல" என்றார். நீ, "தெரியும் தவுக்கே" என்றாய்.

கல் போட்டால் மட்டும் தீரவில்லை என்பதும் உனக்குத்தான் முதலில் தெரிந்தது. இரண்டு மாதத்தில் கற்களின் மேல் துரு ஓடுபோலப் படிந்து, தண்ணீர் கல்லைத் தொடாமலே ஓடியது. துருவை உடைக்கக் கல்லைக் கிளற வேண்டும். நீ மாதம் ஒரு ஞாயிறு போய் இரும்பு வாரியால் கிளறிவிட்டு வருவாய். பத்து வருஷம், மச்சான். காய்ச்சலடித்தாலும் போனாய். ஒருமுறை எரிச்சலில் கேட்டேன்: "அந்தாளு ஒன்னயத்தானே மாட்டி விட்டான். ஒனக்கென்ன சம்பளமா குடுக்குறான்?" நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "மீனு என்னலா தப்பு பண்ணுச்சு?"

இந்தப் பத்து வருஷத்தில் எத்தனை ஞாயிறு நாம் ஒரே மோட்டோவில் போய் வந்திருப்போம்? அத்தனை தரமும் அந்த வரியை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில், குடுவை முடிவு வரட்டும் என்றிருந்தேன். பிறகு, வேலை கிடைக்கட்டும். பிறகு, இத்தனை காலம் கழித்துச் சொன்னால் ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று. மிஸ் யோகம் கோலாலம்பூருக்கு மாற்றலாகிப் போகும் நாளில் மறுபடி கேட்டார், சொல்லிவிட்டீரா என்று. சொல்லிவிட்டேன் என்று அவரிடமும் பொய் சொன்னேன்.

காரியம் முடிந்த மறுநாள் பாக்கியத்திடம் பந்தியில் கேட்டதைச் சொன்னேன். அதோடு சேர்த்து மற்றதையும் சொன்னேன். அந்தத் தாளை எழுதியது நான், அந்த வரி என்னுடையது. அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியும்ணே" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவருதான். கிராணி தாள நீட்டிக் காட்டுனாருல்ல, அப்பவே பாத்துட்டாரு. வீட்டுக்கு வந்து, 'ஒங்கண்ணன் எழுத்து'ன்னாரு. நான் அப்பவே ஒன்னயக் கேக்கணும்னு கெளம்புனேன். விடல. 'கேக்காத. அவன் தெரிஞ்சு செய்யல. அவனே வந்து சொல்லுவான்'னாரு."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா. ஒவ்வொரு வருசமும் தீபாவளிக்கு நீ வந்துட்டுப் போனப்பறம் கேப்பேன், 'அண்ணன் சொல்லுச்சா'ன்னு. 'இல்ல, சொல்லுவான்'னுவாரு."

பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். நான் அந்த இடத்திலேயே நின்றேன். நீ லேப் வாசலில் வந்து நின்ற காலையை யோசித்தேன். எழுதியவன் யார் என்று தெரிந்தே வந்திருக்கிறாய். தெரிந்தே என் அறையில் படுத்திருந்தாய். தெரிந்தே தினமும் குடுவையைப் பற்றி விசாரித்தாய். ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் அன்றே சொல்லியிருப்பேன். ஏன் கேட்கவில்லை, மச்சான்? கேட்டு வாங்கினால் அது வேறு என்று நினைத்தாயா? அல்லது கேட்டால் நான் லேப் பக்கமே உனக்காகப் போக முடியாமல் கூசிப்போவேன் என்று நினைத்தாயா? உன் நெஞ்சு நின்றுபோன அந்தக் காலையில் ஆஸ்பத்திரிக்கு நான் ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதில் எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

இப்போது உனக்கு நேராகச் சொல்கிறேன். அந்த வரியை எழுதியது நான். தெரியாமல் எழுதினேன், தெரிந்த பிறகும் மறைத்தேன். முதலாவதை நீ மன்னித்திருந்தாய். இரண்டாவதை மன்னிக்க நான் உனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. இதைப் படிக்கும் தோட்டத்து ஆட்களும் தெரிந்துகொள்ளட்டும்: வேலு ஓடையில் ஒரு சொட்டு அசிட் ஊற்றவில்லை. குவியலை வெட்டித் திறந்தார்கள், உள்ளே இருந்த கல்லைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர் தின்றது, தண்ணீர் புளித்தது. அந்தத் தண்ணீரைப் பத்து வருஷம் இனிப்பாக்கிக்கொண்டிருந்தவன்தான் வேலு.

போன ஞாயிறு நான் தனியாக ஆ லெக்கின் குளத்துக்குப் போனேன். ஈய விலை விழுந்த பின் அந்தப் பக்கத்துச் சுரங்கங்கள் பலவும் மூடிக் கிடக்கின்றன. கித்தா மரம் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் செம்பனை. குவியல் மட்டும் அப்படியே நிற்கிறது, கசிவும் நிற்கவில்லை. ஆ லெக்குக்கு இப்போது இடுப்பு வளைந்துவிட்டது. நீ போன செய்தி அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வாரியை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் பத்து நிமிஷம் கிளறுவதற்குள், "இப்பிடி இல்ல. வேலு அடியில இருந்து பெரட்டுவான்" என்று கையை ஆட்டிக் காட்டினார். அடியிலிருந்து பிரட்டினேன். மதியத்துக்குள் உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்துவிட்டது. மேலே வரும் தண்ணீரில் தாள் சிவந்தது. குளத்துக்குள் விழும் தண்ணீரில் நிறம் மாறவில்லை. மீன்கள் இருக்கின்றன. திலாப்பியா, நிறைய.

மாதம் ஒரு ஞாயிறு இனி நான் போவேன். எனக்கு முடியாமல் போகும் முன்பே கல்லைக் கிளறத் தெரிந்த இன்னொருவரைப் பார்த்து வைப்பேன். சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும், யாரும் கேட்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன். இதை உனக்கு வாக்காகத் தருகிறேன்.

அடுத்த முறை தானும் வருவதாகப் பாக்கியம் சொல்கிறாள். லயத்தைக் காலி பண்ணிய நாளிலிருந்து அவள் அந்தப் பக்கமே போனதில்லை. ஏன் இப்போது என்று கேட்டேன். "அவரு எங்கதான் போயிப் போயி வந்தாருன்னு பாக்கணும்லா" என்றாள்.

கூட்டிக்கொண்டு போகிறேன், மச்சான்.

உன் பெஞ்சுக்காரன், பாக்கியத்தின் அண்ணன்,
உன் மச்சான்
தங்கராஜு
ஈப்போ